அடுத்த மேஜை வரைக்கும்

கண்ணாடிக் கடையில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் இல்லை. கடையின் பின்பக்கம், திரை போட்ட இருட்டறையில், வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் எரியும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வது அவள் வேலை. "மேல் வரி படிங்க. அதுக்குக் கீழ? தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, அடிக்கவா போறேன்?" என்பாள். யாரோ ஒருவர் பயந்துபோய் "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவைக்க, அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிவிட்டு, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று நாளெல்லாம் கேட்பாள். கேள்வி அதோடு நின்றால் பரவாயில்லை. கண்ணுக்குச் சம்பந்தமில்லாத கேள்விகளும் கூடவே வரும். தையல்காரர் வந்தால், இடது கைக்காரர்களுக்குக் கத்தரிக்கோல் தனியாக உண்டா என்று கேட்பாள். சமையல்காரர் வந்தால், வெங்காயம் நறுக்கும்போது கண்ணாடி போட்டவருக்குக் கண்ணீர் குறைவாக வருகிறதா என்று கேட்பாள். யாரையும் வம்புக்கு இழுக்கும் எண்ணம் கிடையாது. தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும், அவ்வளவுதான்.

வீட்டில் அவள் கேள்விகளுக்கு அவ்வளவு மவுசு இல்லை. கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், தனியாக உட்கார்ந்து வேலை பார்த்துப் பழகியவர். அவரிடம் ஒன்று கேட்டால் பதில் அங்கிருந்து இறங்கி வந்து சேர நேரம் பிடிக்கும். மாடியில் குடியிருக்கும் நாத்தனாருக்கோ கேள்வி முடியும் முன்னாலேயே பதில் வந்துவிடும்.

இப்படிப்பட்டவள் ஓட ஆரம்பித்தது ஒரு பஸ்ஸைத் தவறவிட்டதால். ஒரு சாயங்காலம் கடையை மூடிவிட்டு வரும்போது பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். மருந்துக் கடையைத் தாண்டுவதற்குள் நாக்கு வெளியே தள்ளிவிட்டது. நின்று, முழங்காலில் கையூன்றி, போகிற பஸ்ஸைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. சின்ன வயதில் தெருத்தெருவாக ஓடிய உடம்பு இது. எந்த இடத்தில், எது நின்றுபோனது? நுரையீரலா, காலா, மனசா? மறுநாள் காலையில் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு பழைய செருப்பு மாதிரித் தேய்ந்த ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"இந்த வயசுல யாரு அண்ணி உங்கள துரத்துறாங்க?" என்று மாடியிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள்.

"யாரும் துரத்தல. எவ்வளவு தூரம் போகுதுன்னு பாக்கறேன்."

போனது. முதலில் பால் கடை வரை. பிறகு ரயில்வே பாலம் வரை. பாலத்துக்கு அந்தப் பக்கம் அவள் பஸ்ஸில்தான் போயிருக்கிறாள், காலால் போனதில்லை. அங்கே ஒரு மெத்தை தயாரிக்கும் ஆலை இருந்தது, காலையில் அதன் வாசலில் பஞ்சு பறந்தது. அதற்கும் அப்பால் ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஒருவர் எக்காளம் பழகிக்கொண்டிருந்தார், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப. நாளைக்கு அவர் அடுத்த வரிக்குப் போயிருப்பாரா என்று பார்ப்பதற்காகவே அவள் மறுநாளும் ஓடினாள். இப்படியே இரண்டு வருஷம் ஓடி, கடைசியில் ஊர் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அவ்வளவு தூரம் ஓடினால் ஆளுக்குள் என்ன நடக்கும் என்று அவள் விசாரித்த யாரும் திருப்தியாகப் பதில் சொல்லவில்லை.

பந்தய நாள் விடிந்த விதம் யாருக்கும் பிடித்திருக்காது. ராத்திரி தொடங்கிய மழை நிற்கவில்லை. கடலிலிருந்து வந்த காற்று அதைப் பக்கவாட்டில் அடித்தது. குடை பிடித்தவர்கள் குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவேயில்லை. கணவர் காரை ஓரங்கட்டிவிட்டு, முன்கண்ணாடித் துடைப்பான் இடமும் வலமும் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"திரும்பிடலாமா?"

"இந்த மழையில ஓடினா எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதுல்ல?" என்றாள் அவள், கதவைத் திறந்தபடி.

எப்படி இருக்கும் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஷூ தண்ணீர் குடித்துக் கனத்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. விரல்கள் மரத்துப்போயின. எல்லாவற்றையும் விட மோசம் கண்ணாடி. ஊருக்கெல்லாம் கண் பார்த்துச் சொல்லும் அவளுக்கே பார்வை ரொம்ப மட்டம். கண்ணாடி இல்லாவிட்டால் அரைச் சாணுக்கு அப்பால் உலகம் கலங்கல்தான். கண்ணுக்குள் வைக்கும் வில்லை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. சிவந்து போய் நீர் வடியும். அதனால் தடித்த கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் ஓடினாள். மழைத் துளிகள் வில்லையில் விழுந்து, விளக்குக் கம்பங்களையெல்லாம் உடைத்து உடைத்துக் காட்டின. துடைக்கத் துணி வைத்திருந்தாள். அந்தத் துணி முதல் கால் மணி நேரத்திலேயே நனைந்துவிட்டது.

ஆனாலும் அவளுக்குப் புதிதாக ஒன்று கண்ணில் பட்டது. வழியில் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மேஜை போட்டிருந்தார்கள். தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த பானம், நறுக்கிய பழம். மேஜைக்குப் பின்னால் மழைக்கோட்டும் பிளாஸ்டிக் பையுமாகத் தன்னார்வலர்கள். ஓடுகிறவர்களுக்காவது உடம்பு சூடாகிறது. இவர்கள் நின்ற இடத்திலேயே நின்று நனைகிறார்கள். கூலி கிடையாது, கைதட்டல் கிடையாது. ஒருவர் கோப்பையை விரல் நுனியால் பிடித்து நீட்டாமல், உள்ளங்கையில் வைத்து நீட்டியதை அவள் கவனித்தாள். ஓடி வருகிறவர் எடுக்கும்போது சிந்தாமலிருக்க.

"நீங்க ஏங்க இங்க வந்து நிக்கிறீங்க?" என்று அவரிடம் கேட்டாள், கோப்பையை எடுத்துக்கொண்டு.

"ஓடுங்க அக்கா, நேரமாகுது!" என்று சிரித்துவிட்டார் அவர்.

இது பதில் இல்லையே என்று நினைத்துக்கொண்டே அவள் ஓடினாள். அடுத்த மேஜையிலும் கேட்டாள். அங்கே இருந்தவர் பழத்துண்டை அவள் வாயிலேயே வைத்துவிட்டார். அதற்குமேல் எப்படிக் கேட்பது?

பாதி தூரம் தாண்டியிருந்தது. கடற்கரை ஓரமாக, தடுப்புச் சுவரை ஒட்டிப் போகும் சாலை. காற்று அங்கே ஆளையே தூக்கியது. மேஜை ஒன்று தெரிந்த மாதிரி இருந்தது. வில்லையைத் துடைத்துவிட்டுப் பார்க்கலாம் என்று கண்ணாடியைக் கழற்றினாள். கயிறு எப்போதோ ஒரு பக்கம் கழன்றிருந்தது அவளுக்குத் தெரியாது. மரத்துப்போன விரல்களுக்குப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியவில்லை. கண்ணாடி நழுவியது. கீழே சின்னதாக ஒரு சத்தம் கேட்டது, கம்பியில் மோதியது போல. சாலையோர மழைநீர்க் கால்வாய் மூடியின் கம்பிகளுக்கிடையே அது போய்விட்டது.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. மண்டியிட்டு, குளிர்ந்த கம்பிகளைத் தடவினாள். அடியில் தண்ணீர் அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, விழுந்துட்டீங்களா?"

பெரிய குரல், பெண் குரல். கூடவே ரப்பர் பூட்ஸ் சளக் சளக் என்று ஓடி வரும் சத்தம். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் சட்டென்று தரையில் படுத்துவிட்டாள். கம்பிக்குள் கையை விட்டு, தோள் வரை நனைத்துத் துழாவினாள். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் நிறைய இலைகளும்தான் வந்தன.

"போயிடுச்சும்மா. கடலுக்கே போயிருக்கும். உங்களுக்கு எவ்வளவு தெரியுது?"

"நீங்க மஞ்சளா இருக்கீங்க. அவ்வளவுதான்."

"மழைக்கோட்டு. பின்னாடி வண்டி வருது, ஓட முடியாதவங்கள ஏத்திக்கிட்டு. உள்ள ஹீட்டர் இருக்கும், போர்வை இருக்கும். நிப்பாட்டவா?"

போர்வை என்ற சொல்லைக் கேட்டதும் அவள் உடம்பு முழுவதும் சரி என்றது. காலும் நுரையீரலும் சரி என்றன. ஆனால் அந்த உடம்பு இன்னும் தீர்ந்துபோகவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. தீர்ந்துபோயிருந்தால் ஏறிவிடலாம். கண்ணாடி போனதற்கும் கால் நிற்பதற்கும் என்ன சம்பந்தம்?

"அடுத்த மேஜை எங்க இருக்கு?"

மஞ்சள் மழைக்கோட்டு பின்னால் திரும்பி, "டேய், கோப்பையெல்லாம் பாத்துக்க, ஒரு சவாரி இருக்கு!" என்று யாரிடமோ கத்திவிட்டு, டீச்சரின் முழங்கையைப் பிடித்தது. "வாங்க. அங்க வரைக்கும் நான் கொண்டுவந்து விடறேன்."

அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். ரப்பர் பூட்ஸோடு ஓடுவது அவளுக்குச் சுலபமாக இல்லை. ஆனாலும் வழியெல்லாம் வண்டி ஓட்டும் கணக்கிலேயே பேசினாள். "லெஃப்ட்ல பள்ளம்... வேகத்தடை வருது, காலத் தூக்குங்க... இப்போ நேர் ரோடுதான், கொஞ்சம் அமுக்குங்க."

"நீங்க ஏன் வந்தீங்க?" என்று டீச்சர் கேட்டாள். இந்தத் தடவை தப்பிக்க வழியில்லாமல் அவள் கை தன் கையில் இருந்தது.

"வாரம் பூரா வேனுக்குள்ள குழந்தைங்க கத்தி காது கிழிஞ்சுடும். எப்படா ஞாயித்துக்கிழமை வரும்னு இருக்கும். ஞாயித்துக்கிழமை வந்தா வீட்டுல அமைதியா இருக்கும் பாருங்க... அது தாங்க மாட்டேங்குது." மூச்சு வாங்கினாள். "இங்க வந்தா யாராவது கத்துவாங்க."

"திரும்பி எப்படிப் போவீங்க?"

"நடந்துதான். போகும்போது காத்து முதுகுலதான அடிக்கும், தள்ளிவிட்டுரும்."

அடுத்த மேஜையில் அவளை ஒப்படைக்கும்போது, வேன்காரி பள்ளிக்கூட வாசலில் குழந்தையை இறக்கிவிடுவது போலவே சொன்னாள்: "இவங்களுக்குக் கண்ணாடி இல்ல. பத்திரமா அடுத்த ஸ்டாப்ல விட்டுருங்க. கேள்வி கேப்பாங்க, பதில் சொல்லிருங்க."

அப்படித்தான் அது தொடங்கியது. அந்த மேஜையில் நின்ற ஒல்லியான ஆள் உடனே கை கொடுத்தார். அவர் முடிதிருத்துகிறவர். வேன்காரி வழியை மட்டும்தான் சொன்னாள். இவர் உலகத்தையே சொன்னார். எதிரில் ஒரு நாய் நனைந்துகொண்டே தூங்குகிறது, ஒரு ஜன்னலில் யாரோ பல் விளக்கிக்கொண்டே நம்மைப் பார்க்கிறார்கள், முன்னால் போகிறவருடைய ஷூ வாய் பிளந்திருக்கிறது. கேட்கக் கேட்க அவளுக்குக் காலில் உயிர் வந்தது. ஓரிடத்தில் சாலையோரம் பெரிய கூட்டம் நீல நிறத்தில் அசையாமல் நிற்பது அவளுக்கே மங்கலாகத் தெரிந்தது. இந்த மழையிலும் இத்தனை பேரா என்று நெகிழ்ந்துபோய் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். "நன்றி! ரொம்ப நன்றிங்க!"

முடிதிருத்துகிறவர் அவள் கைகளை மெல்லக் கீழே இறக்கிவிட்டார். "அக்கா... அது பைக் கடை. வண்டிங்களுக்கு உறை போட்டு நிறுத்தியிருக்காங்க."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அவளுக்கு விலா பிடித்துக்கொண்டது. நின்று, மூச்சு விட்டு, மறுபடி ஓட வேண்டியதாயிற்று. அவரிடமும் காரணம் கேட்டாள்.

"கடையில வர்றவங்க எல்லாரும் உக்காந்தே இருப்பாங்க. ஆடாதீங்க, அசையாதீங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிக்கும். வருஷத்துல ஒரு நாள், ஆடு, அசை, ஓடுன்னு கத்தறதுல ஒரு சொகம்."

அந்த நேரத்தில்தான் பின்னால் மோட்டார் பைக் ஒன்று வந்து பக்கத்தில் வேகம் குறைத்தது. பாதை முழுவதற்கும் பொறுப்பான பெண் அதில் வந்திருந்தாள். வாக்கி டாக்கி கரகரத்துக்கொண்டிருந்தது. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மேடம், கைய பிடிச்சுக்கிட்டு ஓடறதுக்கு முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கியிருக்கணும். நீங்க வண்டியில ஏறிக்கிறது நல்லது."

"என்னங்க இது, கண்ணாடி விழுந்தா முன்கூட்டி எப்படிச் சொல்லுவாங்க?" என்று முடிதிருத்துகிறவர் சண்டைக்குத் தயாரானார்.

டீச்சர் அவர் கையை அழுத்தினாள். "ஏறலன்னா என்ன ஆகும்?"

அந்தப் பெண்ணிடம் இதை இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. வாக்கி டாக்கியின் சத்தத்தைக் குறைத்தாள். "முடிவுல உங்க பேர் வராது. நேரம் வராது. மெடல் குடுக்க முடியாது. கொஞ்ச நேரத்துல ரோட்டத் திறந்து வண்டிங்கள விட்டுருவாங்க."

"நடைபாதைய மூடிருவாங்களா?"

"அத எப்படி மூடுவாங்க?"

"அப்போ நான் நடைபாதையில வர்றேன்."

பைக் கிளம்பவில்லை. அந்தப் பெண் இறங்கி, டீச்சரின் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருக்கிறதா என்று முகத்தருகே வந்து பார்த்தாள். அவ்வளவு பக்கத்தில் வந்ததால் கண்ணாடி போன பிறகு அன்று டீச்சர் தெளிவாகப் பார்த்த முகம் அது ஒன்றுதான். சின்னப் பெண். இமையில் மழைத் துளி நின்றது. "நடுக்கம் அதிகமானா நின்னுரணும். சத்தியமா?" என்று வாக்கு வாங்கிக்கொண்டு, தன் கையுறைகளைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டாள். உள்ளே கதகதப்பு இன்னும் இருந்தது. பிறகு வாக்கி டாக்கியில், "கண்ணாடி இல்லாத ஒரு மேடம் நடைபாதையில வர்றாங்க. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு ஆள் தயாரா இருங்க," என்று சொன்னது, பைக் தூரம் போனபிறகும் கேட்டது.

அதற்குப் பிறகு கைகள் மாறிக்கொண்டே வந்தன. ஒரு மேஜையிலிருந்து மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தங்களுக்குள் இருந்த வழக்கையெல்லாம் அவள் தலைக்கு மேலாகவே பேசித் தீர்த்தார்கள். ஒரு குழாய் பழுதுபார்ப்பவர், தன் வாழ்க்கையே தண்ணீரோடுதான், இன்றைக்கு மட்டும் என்ன புதுசு என்றார். எல்லோரிடமும் அவள் அதே கேள்வியைக் கேட்டாள். ஒரு பதில் மாதிரி இன்னொரு பதில் இல்லை. தர்மம், சேவை என்று யாரும் பெரிய வார்த்தை சொல்லவில்லை என்பது அவளுக்கு விசித்திரமாக இருந்தது.

முடிவுக்கு முந்தைய நீளமான பகுதியில்தான் அவள் கால்கள் கைவிட்டன. தொடை இறுகி, ஒவ்வொரு அடியும் யாருடைய காலையோ இரவல் வாங்கி வைப்பது போலிருந்தது. சாலை மேலே ஏறிக்கொண்டே போனது. அப்போது அவளோடு வந்தவர் ஒரு வார்த்தை பேசாதவர். பிடிமானமாக முழங்கையை மட்டும் கொடுத்தார். அவள் கேட்ட கேள்விகளுக்கு "ம்" என்றார். கேட்கக்கூடத் தெம்பில்லாமல் அவளும் வாயை மூடிக்கொண்டாள். மழை கோட்டில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அவளுக்கு அழுகை வந்தது. மழையில் அது யாருக்குத் தெரியப்போகிறது?

"நீங்க ஏன் ஓடறீங்க?" என்றார் அவர் திடீரென்று.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையிலிருந்து ஊரையே கேட்டுக்கொண்டு வருகிறாள். அவளை யாரும் இதைக் கேட்கவில்லை. பதில் தேடினாள். உடம்பு, மனசு, வயது என்று என்னென்னவோ வந்து, ஒன்றும் உண்மையாக இல்லாமல் திரும்பிப் போனது.

"பஸ்ஸ விட்டுட்டேன்," என்றாள் கடைசியில்.

பேசாத மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். கனத்த, பழக்கமில்லாத சிரிப்பு. அதற்குப் பிறகு தானாகவே சொன்னார். "நான் கோர்ட்டுல வேலை பாக்கறேன். சம்மன் கொண்டுபோய்க் குடுக்கற வேலை. என்னப் பாத்தாலே கதவச் சாத்துவாங்க. வீட்டுல இல்லன்னு உள்ளருந்தே சொல்லுவாங்க. கையில ஒண்ண வாங்க வைக்கறதுக்குள்ள உயிர் போயிரும்." கொஞ்ச தூரம் நடந்தார்கள். "இங்க பாருங்க, நான் கோப்பையத் தூக்கிக்கிட்டு நின்னா, தூரத்துல இருந்தே கைய நீட்டிக்கிட்டு ஓடி வர்றாங்க. எல்லாருமே."

அவள் அவர் முழங்கையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கால் வலித்தது, வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

முடிவிடத்தில் கட்டியிருந்த வரவேற்பு வளைவை இறக்கிவிட்டார்கள். காற்றுக்கு அது நிற்கவில்லை. மேஜைகளை மடக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சம்மன்காரர் "இதுதான் கோடு" என்று தரையைக் காட்ட, அவள் குனிந்து பார்த்துவிட்டு, தாண்டினாள். மடக்கிக்கொண்டிருந்த நாற்காலியை ஒருத்தி மறுபடி விரித்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள். டீச்சருக்கு விரல் வளையாததால் ஷூவின் முடிச்சைக் குனிந்து அவிழ்த்துவிட்டதும் அந்தப் பெண்தான்.

"நீங்க ஏன் வந்தீங்க?" என்று கேட்டாள் டீச்சர், பழக்க தோஷத்தில்.

"எம் பொண்ணு வாலண்டியர்னு பேர் குடுத்திருந்தா. மழையப் பாத்ததும் இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கிட்டா. குடுத்த பேருக்கு யாராவது வரணும்ல?"

சூடான தேநீர் ஒன்று கைக்கு வந்தது. கூட்டத்தில் இருந்த மங்கல்களில் ஒன்று நெருங்கி வந்து, துண்டால் அவள் தலையைத் துவட்ட ஆரம்பித்தது. கணவர். அவர் கையில் மாற்றுக் கண்ணாடி இல்லை, கொண்டுவரத் தோன்றவுமில்லை. ஆறு மணி நேரத்துக்கு மேல் மழையில் நின்றிருக்கிறார் என்பது அவர் சட்டையைத் தொட்டதும் தெரிந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்றார்.

அவள் வீடு போய்ச் சேரும்வரை பேசினாள். குளிக்கும்போதும் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள். முடிவுப் பட்டியலில் பெயர் இல்லாததை நாத்தனார் இரண்டு நாள் சொல்லிக்காட்டிவிட்டு, மூன்றாம் நாள் மாடியிலிருந்து இறங்கி வந்து, அந்த மாமியாரும் மருமகளும் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டு போனாள்.

கடையில் புதுக் கண்ணாடி தயாரானதும் டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடிய பாதையில் பாதியை அவள் பார்க்கவேயில்லை. அடுத்த விடுமுறை நாளில் கணவரையும் இழுத்துக்கொண்டு பஸ் பிடித்துப் போனாள். வெயில் அடித்தது. பைக் கடையைக் காட்டி, தான் கையாட்டிய விதத்தை நடித்துக் காட்டினாள். அவர் சிரித்தார். மேஜைகள் இருந்த இடத்தில் மேஜைகள் இல்லை. எதிரில் வருகிறவர்களை உற்றுப் பார்த்தாள். இவர்களில் யாராவது அவளுக்குக் கை கொடுத்தவராக இருக்கலாம். குரல் கேட்டால் தெரியும். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. யாராவது பேசமாட்டார்களா என்று பஸ் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றுகூடப் பார்த்தாள்.

கடைசி நீளப் பகுதிக்கு வந்ததும் அவள் அசையாமல் நின்றுவிட்டாள். சாலை பலகை மாதிரி சமமாகக் கிடந்தது. எந்தப் பக்கமும் ஏற்றம் இல்லை.

"இங்க மேடு இருந்துச்சே," என்றாள்.

கணவர் சாலையைப் பார்த்தார். உயரம் பார்க்கத் தெரிந்த ஆள். "இல்ல," என்றார்.

"இருந்துச்சுங்க. ஏறினேனே நான்."

அவள் அவரை விட்டுவிட்டு, நடைபாதையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவரை நோக்கிப் போனாள். "அண்ணே, ஒரு நிமிஷம். இந்த ரோட்டுல போன வாரம் ஒரு மேடு இருந்துச்சா?"